யெல்லோநைஃப் – ரெசல்யூட் பே: 1,560 கிலோமீட்டரும் கடைசி ஒரு கடல் மைலும்

2011 ஆகஸ்ட் 20, சனிக்கிழமை காலை 8.40 மணிக்கு, கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதிகளின் தலைநகரான யெல்லோநைஃபிலிருந்து ஃபர்ஸ்ட் ஏர் நிறுவனத்தின் 6560 எண் விமானம் கிளம்பியது. அது போயிங் 737-200 வகையைச் சேர்ந்த, சரக்கையும் பயணிகளையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் விமானம். 11 பயணிகளும் 4 பணியாளர்களும் அதில் இருந்தனர். அது வழக்கமான அட்டவணைச் சேவை அன்று. வாடகைக்கு அமர்த்தப்பட்ட பயணம். செல்ல வேண்டிய இடம் நுனாவுட் ஆட்சிப்பகுதியில் கார்ன்வாலிஸ் தீவின் கரையில் உள்ள ரெசல்யூட் பே. அங்கே உள்ளூர்க் கடிகாரம் 11.42 காட்டியபோது, இறங்க வேண்டிய ஓடுபாதைக்குக் கிழக்கே ஏறத்தாழ ஒரு கடல் மைல் தள்ளி இருந்த குன்றில் விமானம் மோதிச் சிதறித் தீப்பற்றியது. பணியாளர்கள் நால்வரும் பயணிகளில் எண்மரும் உயிரிழந்தனர். மூன்று பயணிகள் பலத்த காயங்களுடன் உயிர் பிழைத்தனர்.

இரண்டு கடிகாரங்களையும் அப்படியே கழித்துப் பார்ப்பவருக்கு இந்தப் பயணம் 3 மணி 2 நிமிடம் எடுத்ததாகத் தோன்றும். உண்மையில் எடுத்தது 2 மணி 2 நிமிடம். யெல்லோநைஃப் மலை நேரத்தையும் ரெசல்யூட் மத்திய நேரத்தையும் பின்பற்றுவதால் இடையில் ஒரு மணி நேரம் கூடிவிடுகிறது. உலகப் பொது நேரத்தில் புறப்பாடு 14.40, மோதல் 16.42. ஒரு வடதுருவப் பகுதிப் பயணத்தின் தூரத்தையும் நேரத்தையும் கணக்கிட விரும்புபவர் முதலில் சந்திக்கும் தடுமாற்றம் இது. மிக எளிதில் தீர்க்கக்கூடியதும் இதுவே. தூரம், நேரம் ஆகிய இரண்டு எண்களும் அன்று சரியாகவே இருந்தன என்பதையும், அவற்றோடு சேர்த்து எழுதப்பட வேண்டிய மூன்றாவது எண்ணான திசை மட்டும் தவறிப்போனது என்பதையும் கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வெளியிட்ட கண்டறிதல்களின் துணையுடன் விளக்குவதே இந்த ஆய்வின் நோக்கம்.

இரு நிலையங்கள்

யெல்லோநைஃப், கிரேட் ஸ்லேவ் ஏரியின் வடகரையில், வட அகலாங்கு 62.46 பாகையிலும் மேற்கு நெட்டாங்கு 114.44 பாகையிலும் உள்ளது. தெற்கிலிருந்து சாலை வந்து சேரும் ஊர் அது. விமான நிலையத்தின் பெரிய ஓடுபாதை தார் போடப்பட்டது. நீளம் 7,503 அடி. வட கனடாவின் பெரும்பாலான குடியிருப்புகளோடு ஒப்பிட்டால் அது ஒரு நகரம்.

ரெசல்யூட் பே வேறு உலகம். வட அகலாங்கு 74.72, மேற்கு நெட்டாங்கு 94.97. மக்கள் தொகை இருநூறுக்கு அருகில். இன்யூட் மொழியில் அதன் பெயர் கவுசுயிட்டுக். விடியல் இல்லாத இடம் என்பது பொருள். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் அடிவானத்துக்கு மேலே வராத ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது. 1947-இல் அங்கே ஒரு வானிலை நிலையம் அமைந்தது. 1953-இலும் 1955-இலும் கனடிய அரசு, பெரும்பாலும் வட கியூபெக்கின் இனுக்யுவாக்கிலிருந்து, சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே இன்யூட் குடும்பங்களைக் கொண்டுவந்து அங்கே குடியேற்றியது. அந்த மக்கள் பட்ட துன்பத்துக்காக 2010 ஆகஸ்டில், இந்த விபத்துக்குச் சரியாக ஓர் ஆண்டுக்கு முன், அரசு முறையாக மன்னிப்புக் கேட்டது. இந்த வரலாற்றை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. ரெசல்யூட்டுக்குச் சாலை கிடையாது. கோடையின் இறுதியில் கடற்பனி விலகும் சில வாரங்களில்தான் சரக்குக் கப்பல் வர முடியும். ஆண்டின் மற்ற நாள்களில் மருத்துவரும் மளிகையும் கடிதமும் உறவினரும் விமானத்தில்தான் வந்தாக வேண்டும். அந்த ஊர் மக்களுக்கு இந்த 1,560 கிலோமீட்டர் ஒரு தெருவைப் போன்றது.

ரெசல்யூட்டின் ஓடுபாதை 6,504 அடி நீளமுள்ள சரளைக்கல் பாதை. ஜெட் விமானம் சரளையில் இறங்குவது பலருக்கு வியப்பாக இருக்கலாம். போயிங் 737-200 வகைக்கு அதற்கென்றே ஒரு தனிக் கருவித்தொகுப்பு இருந்தது. முன்சக்கரத்தின் பின்னால் பனிச்சறுக்குப் பலகையைப் போன்ற ஒரு தகடு, தெறிக்கும் கற்களை விமானத்தின் வயிற்றுப்புறத்தில் படாமல் தடுக்கும். என்ஜின்களின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழாய்கள் காற்றைக் கீழ்நோக்கி ஊதி, கற்களை உறிஞ்சும் சுழலைக் கலைத்துவிடும். பின்னால் வந்த 737 வகைகளில் என்ஜின் பருத்துத் தரைக்கு நெருங்கிவிட்டதால் இந்த ஏற்பாடு அவற்றுக்குக் கிடைக்கவில்லை. 1970-களில் கட்டப்பட்ட விமானங்கள் 21-ஆம் நூற்றாண்டிலும் வடக்கே பறந்துகொண்டிருந்ததற்கு இது முக்கியமான காரணம். மோதிய விமானமும் 1975-இல் கட்டப்பட்டதே. அந்த விமானத்தின் திசைக் கருவிகளும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தூரம்

மேலே தந்த அகலாங்கு நெட்டாங்குகளைக் கொண்டு பெருவட்டக் கணக்குப் போட்டால், இரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய தூரம் சுமார் 1,560 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 841 கடல் மைல். இப்படிப்பட்ட வடக்குப் பாதைகளைப் பற்றிப் பேசும்போது, வழக்கமான சுவர் வரைபடத்தில் இழுக்கும் நேர்கோடு பெருமளவு தவறானது என்று சொல்வது வழக்கம். நெடுந்தொலைவுப் பயணங்களுக்கு அது உண்மை. ஆனால் இந்தப் பாதையில் அந்த வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்த்தபோது கிடைத்தது வெறும் 7 கிலோமீட்டர்தான். மாறாத ஒரே திசைக்கோணத்தில் சென்றால் சுமார் 1,565 கிலோமீட்டர்; பெருவட்டத்தில் சென்றால் 1,558. ஆகவே தூரம் இங்கே சிக்கல் இல்லை.

சிக்கல் அதே கணக்கின் மற்றொரு விடையில் இருக்கிறது. யெல்லோநைஃபில் கிளம்பும்போது பெருவட்டப் பாதையின் திசை, உண்மை வடக்கிலிருந்து கிழக்கே 21 பாகை. ரெசல்யூட்டை அடையும்போது அதே பாதையின் திசை 39 பாகைக்கும் மேல். விமானம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை, நேராகவே பறந்தது, ஆனாலும் அதன் திசை எண் 18 பாகை கூடிவிட்டது. நெட்டாங்குக் கோடுகள் துருவத்தை நோக்கி ஒன்றோடொன்று நெருங்குவதால் இப்படி நேர்கிறது. நிலநடுக்கோட்டில் இரண்டு ஊர்களின் வடக்கு ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். இங்கே யெல்லோநைஃபின் வடக்கும் ரெசல்யூட்டின் வடக்கும் வேறு வேறு பக்கம் பார்க்கின்றன. இரண்டு மணி நேரப் பயணத்தில் ‘வடக்கு’ என்ற சொல்லின் பொருளே மெல்ல மெல்ல மாறிக்கொண்டு வருகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

பாதையின் நடுவே கேம்பிரிட்ஜ் பே உள்ளது. யெல்லோநைஃபிலிருந்து அது சுமார் 850 கிலோமீட்டர், அங்கிருந்து ரெசல்யூட் சுமார் 710. இரண்டையும் கூட்டினால் நேர்ப்பாதையின் நீளமே ஏறக்குறைய வருகிறது. அந்த ஊர் நேர்ப்பாதையை ஒட்டியே அமைந்திருக்கிறது என்பதே அதன் பொருள். ரெசல்யூட்டின் மேல் பனிமூட்டம் கவிந்திருந்து இறங்க முடியாமல் போனால், வந்த வழியே 710 கிலோமீட்டர் திரும்புவதற்கான எரிபொருள் தொட்டியில் இருக்க வேண்டும் என்பதை இந்த எண் உடனே உணர்த்துகிறது. தெற்கே மாற்று நிலையம் என்பது அடுத்த மாவட்டம். வடக்கே அது மற்றொரு முழுப் பயணம்.

நேரம்

841 கடல் மைலை 2 மணி 2 நிமிடத்தில் கடந்ததால் சராசரி வேகம் மணிக்கு 414 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 766 கிலோமீட்டர் வருகிறது. ஏற்றம், இறக்கம், இறங்குமுகத் திருப்பம் அனைத்தும் சேர்ந்த இந்தச் சராசரி, 737-200 விமானத்துக்கு இயல்பானதே. எனவே பறப்பு நேரத்திலும் வியப்பதற்கு எதுவும் இல்லை.

ஆனால் நேரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு புள்ளி முக்கியமானது. அது இறங்கத் தொடங்கும் புள்ளி. ஜெட் விமானிகள் தோராயமாக ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் மூன்று கடல் மைல் என்று கணக்கு வைப்பார்கள். 30,000 அடியிலிருந்து இறங்க 90 கடல் மைல் வேண்டும். அந்தப் புள்ளியைச் சில நிமிடங்கள் கடந்த பின் இறங்கத் தொடங்கினால், மொத்தப் பறப்பு நேரத்தில் அது தெரியவே தெரியாது. ஆனால் கடைசிப் பத்து நிமிடங்களில் விமானிகளின் கையில் இருக்கும் அவகாசம் சுருங்கிவிடும். வாரியம் பட்டியலிட்ட காரணங்களில் முதலாவதே இதுதான். இறக்கம் தாமதமாகத் தொடங்கியது. அதைக் கையாண்ட விதத்தாலும் சேர்ந்து, இறுதி இறங்குமுகத்துக்குத் திரும்பியபோது விமானம் சரிவுப்பாதைக்கு, அதாவது ஓடுபாதையை நோக்கிச் சீராக இறங்க வேண்டிய வழிக்கு, 600 அடி மேலே இருந்தது. மூன்று பாகைச் சரிவில் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 318 அடி இறங்க வேண்டும் என்பதால், இந்த 600 அடி என்பது ஏறக்குறைய இரண்டு கடல் மைல் பாதைக்குச் சமம். அந்த இரண்டு மைல் கையில் இருந்திருந்தால், அடுத்து எழுந்த குழப்பத்தை நின்று நிதானித்துப் பார்க்கச் சிறிதேனும் இடம் இருந்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

வடக்கு எது

சாதாரணமாக விமானத்தின் திசைக் கருவி, காந்தப்புலத்தை உணரும் கருவியொன்றின் துணையோடு தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். கனடாவின் வடக்கில் அது நடக்காது. காந்த முனைக்கு அருகே புவியின் காந்தப்புலம் கிட்டத்தட்டச் செங்குத்தாகத் தரைக்குள் பாய்கிறது; முள்ளைத் திருப்பக்கூடிய கிடைத்தளக் கூறு மிகவும் சிறியதாகிவிடுகிறது. அது 6,000 நானோடெஸ்லாவுக்குக் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) கீழே இறங்கும் பகுதியில் காந்த முள்ளை நம்பிப் பறப்பதில்லை. ரெசல்யூட் அந்தப் பகுதிக்குள்தான் இருக்கிறது. வானிலை நிலையம் அமைந்த 1947-இல் கனடிய ஆய்வாளர்கள் காந்த வடமுனையை அளந்து கண்டுபிடித்தது பக்கத்திலுள்ள பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவில். ரெசல்யூட்டிலிருந்து அது சுமார் 200 கிலோமீட்டர்தான். அதன் பிறகு முனை வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே போய், விபத்து நடந்த ஆண்டில் 85-ஆம் அகலாங்கை எட்டியிருந்தது. அப்படியும் ரெசல்யூட்டில் காந்த முள் பயன்படும் நிலைக்கு வரவில்லை.

அதனால் கனடாவின் வட வான்வெளியில் எல்லாத் திசைகளும் உண்மை வடக்கை, அதாவது புவியின் சுழல் அச்சின் வடக்கை, அடிப்படையாகக் கொண்டு சொல்லப்படுகின்றன. ரெசல்யூட்டின் ஓடுபாதைக்கு 35-உடன் ‘டி’ என்னும் எழுத்தும் சேர்ந்திருப்பது அதற்காகவே. இது உண்மைத் திசை என்பதற்கான அடையாளம் அது. அந்தப் பாதையின் நடுக்கோட்டுக்கு வழிகாட்டும் லோக்கலைசர் என்னும் ரேடியோ கற்றையின் திசை 347 பாகை.

உண்மை வடக்கை விமானத்துக்கு யார் சொல்வது? இந்தத் தலைமுறை விமானங்களில் அந்தப் பொறுப்பு ஜைரோவுக்கு உரியது. வேகமாகச் சுழலும் ஜைரோ தன் அச்சை விண்வெளியில் மாறாமல் வைத்துக்கொள்ளும் இயல்புடையது. விமானி அதை ஒரு திசைக்கு அமைத்துவிட்டால் அது அந்தத் திசையை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் கீழே புவி சுழல்கிறது. ஜைரோ நிலையாக நிற்க, புவி திரும்பிக்கொண்டே இருப்பதால், கருவி காட்டும் எண் மணிக்கு 15 பாகை பெருக்கல் அகலாங்கின் சைன் மதிப்பு என்ற அளவில் நழுவும். யெல்லோநைஃபின் அகலாங்கில் அது மணிக்கு 13.3 பாகை, ரெசல்யூட்டில் 14.5. இரண்டு மணி நேரத்துக்குக் கூட்டினால் கிட்டத்தட்ட 28 பாகை. கிழக்கு நோக்கிப் பறக்கும் விமானத்துக்கு, முன்பு சொன்ன நெட்டாங்குக் கோடுகளின் நெருக்கத்தால் வரும் 18 பாகையும் அதே பக்கம் சேரும். திருத்தமே செய்யாமல் விட்டால் 46 பாகைப் பிழையோடு போய்ச் சேர வேண்டியிருக்கும். இதைத் தடுக்கத்தான் கருவியில் அகலாங்குக்கு ஏற்ற திருத்தம் வைக்கப்பட்டிருக்கிறது. விமானிகளும் அவ்வப்போது வேறொரு சான்றைக் கொண்டு திசையைச் சரிபார்த்து மறுபடி அமைக்கிறார்கள். வடக்கே இது ஒருமுறை செய்துவிட்டு மறக்கும் வேலை அன்று. வழி நெடுகிலும் செய்ய வேண்டிய பராமரிப்பு.

6560-இல் இறக்கத்தின் தொடக்கத்தில் திசை அமைக்கப்பட்டபோதே அதில் 8 பாகைப் பிழை இருந்தது என்று வாரியம் கண்டறிந்தது. கருவி உண்மையைவிட 8 பாகை குறைவாகக் காட்டியது. அதன் பிறகு இறங்குமுகம் வரையிலான நேரத்தில் நழுவல் மேலும் கூடி, இறுதியில் குறைந்தது 17 பாகையாகிவிட்டது. இந்தக் கூடுதல் நழுவலுக்கான காரணம் கண்டறியப்படவில்லை என்று வாரியம் நேர்மையாகவே பதிவுசெய்தது. நான் மேலே போட்ட 18 பாகைக் கணக்கும் இந்த 17 பாகையும் எண்ணளவில் நெருங்கியிருப்பதைக் கண்டு இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. முன்னது முழுப் பயணத்திலும் பாதையின் வடிவம் தரும் மாற்றம். பின்னது இறக்கத்தின் தொடக்கத்தில் 8 பாகையாக இருந்து, அதன் பின் கருவிக்குள் வளர்ந்த பிழை.

17 பாகை என்றால் எவ்வளவு? விமானிகள் பயன்படுத்தும் அறுபதுக்கு ஒன்று என்ற மனக்கணக்குப்படி, ஒரு பாகைப் பிழை 60 கடல் மைலுக்கு ஒரு கடல் மைல் விலகலைத் தரும். 17 பாகைக்கு மூன்றரை மைல் போனாலே ஒரு மைல் விலகிவிடும்.

கடைசி இரண்டு நிமிடங்கள்

ரெசல்யூட்டின் மேல் அன்று தாழ்ந்த மேகமும் மூடுபனியும் இருந்தன. விமானிகள் ஐ.எல்.எஸ். என்னும் கருவிவழி இறங்குமுறையைக் கையாண்டனர். லோக்கலைசர் கற்றையைப் பிடித்தால் ஓடுபாதையின் நடுக்கோடு, சரிவுப்பாதைக் கற்றையைப் பிடித்தால் இறங்கும் கோணம். விமானம் லோக்கலைசரின் வலப்புறத்தில், அதாவது கிழக்குப் பக்கத்தில் இருந்தபடி இறுதித் திருப்பத்தை முடித்துக்கொண்டு நேரானது.

அப்போது கேப்டனின் முன்னால் இருந்த திசைநிலைக் கருவி 330 என்று காட்டியது. கற்றையின் திசை 347. எனவே விமானம் 17 பாகைக் கோணத்தில் இடப்பக்கமாகக் கற்றையை நோக்கி வெட்டிச் செல்கிறது; இன்னும் சிறிது நேரத்தில் அதைத் தொட்டுவிடும். கருவியை நம்பினால் இதுவே படம். உண்மையில் விமானத்தின் முகம் 346 பாகையில் இருந்தது. கற்றைக்குக் கிட்டத்தட்ட இணையாக. இடப்புறமிருந்து வீசிய காற்று அதை மேலும் 3 பாகை வலப்பக்கம் தள்ளியதால், விமானம் சென்ற உண்மைத் தடம் 349. கற்றையை நெருங்குவதாக எண்ணிய விமானம் கற்றையை விட்டு விலகிச் சென்றுகொண்டிருந்தது.

இதே நேரத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. திருப்பத்திலிருந்து நேராகும்போது கேப்டன் கட்டுப்பாட்டுச் சக்கரத்தைச் சற்றே அசைத்திருக்கக்கூடும். அதனால் ஆட்டோபைலட், லோக்கலைசரைப் பின்தொடரும் நிலையிலிருந்து விலகி, இருக்கும் திசையையே பிடித்துக்கொண்டு செல்லும் நிலைக்கு மாறிவிட்டது. இருவரும் இந்த மாற்றத்தைக் கவனிக்கவில்லை. அதன் பிறகு லோக்கலைசரிலிருந்து 2.5 பாகைக்கு மேல் விலகியபோது, எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று காட்டும் ஃப்ளைட் டைரக்டர் பட்டையும் தன் நிலையை மாற்றிக்கொண்டிருக்கலாம் என்கிறது வாரியம். இடப்பக்கம் திரும்பு என்று சொல்ல வேண்டிய அது, இறக்கைகளைச் சமமாக வைத்திரு என்று சொன்னது. கேப்டனுக்கு அது ஆறுதலான செய்தி; வெட்டுக்கோணம் போதுமானதுதான் என்பதற்கு மேலும் ஒரு சான்றாக அது அமைந்திருக்கும்.

துணை விமானியின் மனத்தில் வேறு படம் இருந்தது. அவர் லோக்கலைசர் முள்ளையும் ஜி.பி.எஸ். காட்டிய இருப்பிடத்தையும் நம்பினார். ஜி.பி.எஸ். சொன்னது தெளிவானது: நாம் கோட்டின் வலப்பக்கம் இருக்கிறோம், அதை நெருங்கவில்லை. இந்த வழக்கில் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது இந்த இடத்தைத்தான். ஜி.பி.எஸ்-க்கு விமானம் எங்கே இருக்கிறது, எந்தத் தடத்தில் நகர்கிறது என்பது தெரியும். அதன் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது தெரியாது. ஜைரோவுக்கு மூக்கு பார்க்கும் பக்கம் தெரியும், இருப்பிடம் தெரியாது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும்போது, ‘நமது வடக்கே தவறாக இருக்கலாம்’ என்ற ஒரே விளக்கம்தான் இரண்டையும் பொருத்தும். ஆனால் அந்த விளக்கத்தை எட்ட, இருவரும் தங்கள் முன்னால் உள்ள எல்லா முட்களையும் தாங்கி நிற்கும் அடிப்படையையே சந்தேகிக்க வேண்டும். அதுவும் விமானம் உயரத்தில் இருந்து வேகமாக இறங்கிக்கொண்டிருக்கையில், சக்கரங்களையும் இறக்கை மடல்களையும் இறக்க வேண்டிய வேலைகள் பின்தங்கிக் கிடக்கையில்.

துணை விமானி, லோக்கலைசர் முள் முழுமையாக ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டதைச் சொன்னார். அது நேர்ந்தாலே இறங்குவதைக் கைவிட்டு மேலேற வேண்டும் என்பது நடைமுறை. ஆனால் அப்படிப்பட்ட வேளையில் சொல்ல வேண்டிய நிலையான ஒரு சொற்றொடர் அவருக்கு வகுத்துத் தரப்பட்டிருக்கவில்லை. தன் சொற்களிலேயே அந்த யோசனையை அவர் முன்வைக்க வேண்டியிருந்தது. கேப்டன் இறங்குமுகத்தைத் தொடர்ந்தார். மனத்திலிருந்த இரு வேறு படங்களும் கடைசிவரை ஒன்றாகவில்லை. இறுதியில் தரையணுகல் எச்சரிக்கைக் கருவி, இறங்கும் வேகம் மிகுதி என்று குரல் கொடுத்த பிறகுதான் மேலேறும் முயற்சி தொடங்கியது. அதற்குள் உயரமும் நேரமும் தீர்ந்திருந்தன.

ஓடுபாதையில் இருந்த ஐ.எல்.எஸ். ஒழுங்காகவே இயங்கியது. விபத்துக்குப் பின் நடத்திய சோதனைப் பறப்பு அதை உறுதிப்படுத்தியது. கற்றை தன் இடத்தில், சொன்ன கோணத்தில் இருந்துகொண்டே இருந்தது.

ஊரில் இருந்தவர்கள்

அன்று ரெசல்யூட்டில் வழக்கத்தைவிட அதிக மனிதர்கள் இருந்தனர். கனடிய ராணுவத்தின் ஆண்டுப் பயிற்சியான நானூக் நடவடிக்கைக்காகப் படையினர் அங்கே முகாமிட்டிருந்தனர். அந்தப் பயிற்சியின் பகுதியாகப் பெரிய விமான விபத்து ஒன்றை ஒத்திகை பார்க்கவும் திட்டம் இருந்தது. உண்மையான விபத்து முந்திக்கொண்டது. குன்றின் மேல் முதலில் சென்று மூவரைக் காப்பாற்றியவர்கள் அந்தப் படையினர்தான். வேறு ஏதாவது ஒரு வாரத்தில் இது நடந்திருந்தால், மருத்துவமனை ஏதும் இல்லாத இருநூறு பேர் ஊரில், அடுத்த பெரிய ஊர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்க, காயமடைந்தவர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும் என்பதைத் தூரக் கணக்கு தெரிந்த எவரும் எண்ணிப் பார்க்க முடியும்.

அறிக்கைக்குப் பின்

வாரியத்தின் இறுதி அறிக்கை 2014 மார்ச்சில் வெளியானது. நிலைகுலைந்த இறங்குமுகங்கள் தரையிறக்கம் வரை தொடரப்படுவதைப் பெரிய விமான நிறுவனங்கள் கண்காணித்துக் குறைக்க வேண்டும், அதைக் கனடியப் போக்குவரத்துத் துறை கட்டாயமாக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. எழுதி வைத்த நடைமுறைகளுக்கும் விமானியறையில் நடைமுறையில் இருந்தவற்றுக்கும் இடையே வளர்ந்துவிட்ட இடைவெளியை நிறுவனத்தின் மேற்பார்வை கண்டுபிடிக்கத் தவறியதையும் அது சுட்டியது. தனிமனிதர்கள் மீது பழியைப் போட்டுவிட்டு முடித்துக்கொள்ளாததற்காக அந்த அறிக்கையை நான் மதிக்கிறேன்.

கருவிகளும் மாறின. 6560-இல் இருந்த தரையணுகல் எச்சரிக்கைக் கருவி, நேர்க்கீழே உள்ள தரையை ரேடியோ அலையால் அளந்து குரல் கொடுக்கும் பழைய வகை. முன்னால் ஒரு குன்று வருகிறது என்று அதற்குத் தெரியாது. நிலப்பரப்பின் பதிவைத் தன்னுள் வைத்துக்கொண்டு முன்னோக்கிப் பார்க்கும் புதிய வகைக் கருவியை, ஆறும் அதற்கு மேற்பட்டும் பயணி இருக்கைகள் கொண்ட டர்பைன் விமானங்களுக்குக் கட்டாயமாக்கும் விதியைக் கனடா 2012 ஜூலையில் கொண்டுவந்து, பொருத்துவதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் தந்தது.

புதிய தலைமுறை 737 விமானங்களில் ஜைரோவை விமானி கையால் திசைக்கு அமைப்பதில்லை. கிளம்பும் முன் விமானம் தரையில் அசையாமல் நிற்க, அதிலுள்ள உணர்கருவிகள் புவியின் சுழற்சியை அளந்து, அந்தச் சுழற்சியின் அச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதிலிருந்தே உண்மை வடக்கைக் கண்டுபிடித்துக்கொள்கின்றன. பழைய ஜைரோவை மணிக்கு 14 பாகை நழுவச் செய்த அதே சுழற்சி இங்கே வடக்கைச் சொல்லும் சான்றாகிவிடுகிறது. ஆனால் துருவத்தை நெருங்க நெருங்கச் சுழற்சியின் கிடைத்தளக் கூறு சிறுத்துக்கொண்டே போவதால், கண்டுபிடிக்க ஆகும் நேரம் கூடுகிறது. 70 பாகைக்கு மேலே அதற்கு 17 நிமிடம் ஒதுக்க வேண்டும். 78 பாகையைச் சற்றுக் கடந்தால் அது முடியவே முடியாது. 74.72 பாகையில் உள்ள ரெசல்யூட்டிலிருந்து தெற்கே கிளம்பும், அத்தகைய உணர்கருவிகள் கொண்ட, சரளையில் இறங்கக்கூடிய விமானமொன்றின் நேரக் கணக்கில், இரண்டு மணி நேரப் பறப்புக்கு முன்னால், சரளையின் மேல் அது அசையாமல் நிற்க வேண்டிய அந்த 17 நிமிடமும் சேரும்.